லீவரில் தொங்கிய துண்டு

ரம்பம் மரத்தை அறுக்கும்போது ஒரு சத்தம் வரும். எலும்பை அறுக்கும்போது வேறு சத்தம் வரும். அந்த மர அறுப்புக் கொட்டகையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். கையிலிருந்த பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடியது வீண். அவளுடைய புருஷன் ரம்ப மேசைக்கு அடியிலிருந்து எழுந்து நின்று, தன் வலது கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் இருந்தது, கட்டைவிரல் இருந்தது. நடுவில் இருந்த மூன்றும் இல்லை. ரத்தம் முழங்கை வழியே ஒழுகி மரத்தூளில் விழுந்து, விழுந்த இடத்திலேயே உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது. அவள் மண்டியிட்டுத் தூளைக் கிளறி மூன்று விரல்களையும் பொறுக்கினாள். மடியில் கட்டிக்கொண்டு அவனோடு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் பிரித்துப் பார்த்தார். "இதைத் தைக்க முடியாதும்மா, உள்ளே எல்லாம் தூள்" என்றார்.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா. கதையில் இன்னும் ரத்தம் இருக்கிறது. நான் கூடவே வருகிறேன்.

முதலில் அந்தக் கொட்டகையின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயர வட்ட ரம்பம் அது. ஒரு பக்கம் லீவர். லீவரைத் தள்ளினால் பெல்ட் இறுகி, கண் இமைப்பதற்குள் ரம்பம் வேகம் பிடித்துவிடும். மறுபக்கம் மேசைக்கு அடியில் அடிக்கடி சிராய் சிக்கும். யாராவது உட்கார்ந்து கையை விட்டு அதை எடுக்க வேண்டும். உட்கார்ந்தவன் லீவர் பக்கம் நிற்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனால் உள்ளே போகிறவன் தன் தோள் துண்டை லீவரில் போட்டுவிட்டுப் போவான். துண்டு தொங்கும்வரை லீவரை யாரும் தொடக் கூடாது. எரிகிற வீட்டைக் கூட அப்புறம் அணைக்கலாம், துண்டை எடுக்கக் கூடாது.

அன்றைக்குத் துண்டு தொங்கியது. அதை எடுத்தவன் வேலைக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. தொலைவில் இன்னொரு மில்லிலிருந்து வந்தவன். பேர் கேட்கக் கூட யாருக்கும் நேரமில்லாமல் 'புதுசு' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு என்று நினைத்து எடுத்தான். பாவம், அதை நன்றாக மடித்துப் பலகை அடுக்கின் மேல் வேறு வைத்தான். பிறகு லீவரைத் தள்ளினான்.

புதுசைக் கொட்டகையிலேயே அடித்தார்கள். சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. அங்கே அப்படிப் போகிற பழக்கமில்லை.

அதற்குக் காரணம் உண்டு. நெடுநாளைக்கு முன்னால் அங்கே ஒருவனுக்கு விரல் போனது. விரல் போனவனின் தம்பி, தப்பு செய்தவனின் காலை உடைத்தான். கால் உடைந்தவனின் மச்சான்கள் வந்து வீட்டுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தார்கள். போனதுக்குப் போனது, அதோடு சரி. எவனுடைய கவனக்குறைவால் எத்தனை விரல் போகிறதோ, அவன் அத்தனை விரலை அதே ரம்பத்தில் கொடுக்க வேண்டும். அடிபட்டவனின் உறவில் ஒருவர் லீவரைத் தள்ள வேண்டும். முடிந்ததும் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேச வேண்டும். நீங்கள் இதைக் கொடுமை என்பீர்கள். அவர்கள் மருந்து என்றார்கள். அந்த முடிவுக்குப் பிறகு அங்கே ஒரு கொலை கூட விழவில்லை என்பதும் உண்மை.

அந்த மருந்தைக் குடித்துக் காட்டியவர் மேஸ்திரி, நம் பலகை அடுக்குகிறவளைப் பெற்ற அப்பா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சங்கிலியைச் சரியாகக் கட்டாததால் ஒரு கட்டை உருண்டு ஒருவனின் இரண்டு விரலை நசுக்கியது. அவர் யாரும் பிடித்து இழுக்காமல் தானே நடந்துபோய்க் கையை வைத்தார். அடிபட்டவனின் தாய் லீவரைத் தள்ளினாள். மேஸ்திரி ஒரு சத்தம் போடவில்லை என்பார்கள். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லாத அந்த இடத்தைத் தொட்டுத்தான் கொட்டகையில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.

"எங்கம்மா மேல சத்தியம்னா ரெண்டு தடவை யோசிப்பேன், மேஸ்திரி விரல் மேலன்னா யோசிக்கவே மாட்டேன், பொய்யே சொல்ல மாட்டேன்" என்பான் வானொலி. வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பேர்.

மறுநாள் காலையில் அவள் புருஷனின் கட்டில் பக்கத்தில் நின்றாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் கிடந்தது. அவன் அழவில்லை, தூங்கவும் இல்லை.

"இன்னைக்குத்தானே?" என்றான்.

"மத்தியானம்னு அப்பா சொன்னாரு."

"நீதான் தள்ளணும்."

"ம்."

"என்ன ம்? வாயைத் திறந்து சொல்லு. மூணு. ஆள்காட்டி, நடு, மோதிரம். கட்டை விரலைத் தொட வேணாம், கணக்கு கணக்கா இருக்கட்டும்."

"சரி."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. லீவர் உனக்கு இருட்டுல கூடத் தெரியும்."

அவளுக்குப் பயமில்லை, கோபம்தான் இருந்தது. வழி நெடுக அந்தக் கோபத்தைக் கொதிக்கிற பானையைப் போல இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள். சாமான் அறையைத் திறந்து புதுசை வெளியே இழுத்து வந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. அவள் யாரும் சொல்வதற்கு முன்பே போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். போதவில்லை. மறுபடி அறைந்தாள். கீழே கிடந்த மரத்துண்டை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அவன் மடங்கி உட்கார்ந்தான்.

"எந்திரிடா. என் புருஷன் விரல் போன பிறகும் எந்திரிச்சு நின்னான்."

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா."

"எது தெரியாது? மனுஷன் உள்ள இருக்கிறது தெரியாதா?"

"துண்டுக்கு அர்த்தம் தெரியாது. எங்க மில்லுல சாவிக்கா. உள்ள போறவன் மோட்டார் சாவியைப் பிடுங்கி இடுப்புல செருகிக்குவான். சாவி இருந்தா ஓட்டலாம், இல்லேன்னா ஓட்ட முடியாது. நான் சாவியைப் பார்த்தேன், இருந்தது. துண்டை யாரு பார்ப்பா?"

"கேட்டுக்குங்கப்பா, இவங்க மில்லுல மனுஷனுக்குப் பதிலா சாவிக்குத்தான் உசுராம்" என்றான் வானொலி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர், வயதானவர், சிரிக்காமல் கேட்டார். "சரி தம்பி. உங்க மில்லுல இப்படி ஒருத்தனுக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"தப்பு பண்ணினவன், அடிபட்டவன் குணமாகி வர்ற வரைக்கும் அவன் வேலையையும் சேர்த்துச் செய்வான். அவன் வீட்டுக்கு விறகு பொளந்து போடுவான், தண்ணி தூக்குவான். நான் செய்யறேங்க. ஒரு வருஷம் ஆனாலும் செய்யறேன்."

"விரல் முளைக்குமா ஒரு வருஷத்துல?" என்றார் மேஸ்திரி.

"என் விரலை எடுத்தா மட்டும் அவருக்கு முளைக்குமாங்க?"

மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"டேய், உங்க ஊர்ல உங்க நியாயம். அதை நான் தப்புன்னு சொல்லலை. இங்க இது. இங்க சம்பளம் வாங்கினே, இங்க தண்ணி குடிச்சே. இந்தக் கூரைக்குக் கீழ என்ன நியாயமோ அதான் உனக்கும்."

"அந்த நியாயத்தை யாரும் எனக்குச் சொல்லலையேங்க. துண்டைப் பத்திக் கூட யாரும் சொல்லலையே."

"துண்டு தொங்கினா கை உள்ள இருக்குன்னு சொல்லித் தரணுமாடா? அது மனுஷனாப் பொறந்தவனுக்குத் தானாத் தெரியணும்!"

அவள் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வயதில் அந்தக் கொட்டகையில் விளையாடிக்கொண்டிருந்தபோது லீவரில் தொங்கிய துண்டை எடுத்துப் பொம்மைக்குச் சுற்றப் போனாள். அப்பா ஓடி வந்து முதுகில் கொடுத்த அடியில் மூன்று நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்குத் துண்டென்றால் என்னவென்று தெரிந்தது. தானாகத் தெரியவில்லை.

"அப்பா, இவனுக்கு நீ சொல்லிக் குடுத்தியா?"

"என்ன?"

"புதுசா வர்றவங்களுக்கு மேஸ்திரிதானே எல்லாம் காட்டுவாங்க. துண்டைப் பத்தி இவன்கிட்டச் சொன்னியா?"

"உன் புருஷன் கை போயிருக்கு. நீ என்னை விசாரிக்கிறியா?"

லீவர் பக்கம் போய் நின்றாள். ஆமாம், போய் நின்றாள். அவளை நல்லவளாக்கிக் காட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். கட்டிலில் கிடந்த அந்தக் கை கண்ணுக்குள் இருக்கும்போது கேள்விக்கு எவ்வளவு நேரம்தான் காத்திருக்க முடியும்?

மனசு தளர்ந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் புதுசை மேசைக்கு இழுத்தார்கள். அவன் மேஸ்திரியைப் போல நடந்து வரவில்லை. உதைத்தான், கடித்தான், ஒருவனின் காதைப் பல்லால் பிடித்து இழுத்தான். வயிற்றில் குத்து விழுந்ததும் மூச்சு போய்த் துவண்டான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கிக் கயிற்றால் கட்டினார்கள். நடுவில் மூன்று விரலும் நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு பேர் மணிக்கட்டை அழுத்தி ரம்பத்தின் பல்லுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். ரம்பம் வேகம் பிடித்ததும் கையைப் பல்லுக்குத் தள்ளுவதாக ஏற்பாடு.

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவள் லீவரின் மேல் கையை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"கை இருக்கு!" என்று புதுசு அலறினான். "கை இருக்கு! கை இருக்கு!"

அவன் கெஞ்சுவதற்காக யோசித்துச் சொன்னது இல்லை அது. ரம்பத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது தப்பித்தவறி பெல்ட் அசைந்தால் வாயிலிருந்து தானாக வெடிக்கிற கூப்பாடு. அவனுடைய மில்லிலும் அதுதான், இங்கேயும் அதுதான். மரம் அறுக்கிறவன் எந்த மூலையில் இருந்தாலும் அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் அவன் உடம்பு அவனைக் கேட்காமலே நின்றுவிடும். அவளுடைய கை நெருப்பைத் தொட்டது போல லீவரிலிருந்து எகிறியது. மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்த இரண்டு பேரும் பிடியை விட்டுத் தங்கள் கையை மேலே தூக்கிவிட்டார்கள். ஒருவன் பின்னால் கூட நகர்ந்தான். கடிபட்ட காதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கூட "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினான். யாரை நிறுத்தச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

மேஸ்திரி ஒருவர்தான் அசையவில்லை. பிறகு அசைந்தார்.

"அது வேலை நேரத்துக் கூப்பாடு. இப்ப வேலை இல்ல. பிடிங்கடா கையை."

யாரும் பிடிக்கவில்லை. அவரே போய் இடது கையால் புதுசின் மணிக்கட்டை மேசையோடு அழுத்தினார். "தள்ளு" என்றார் மகளிடம்.

"முடியாதுப்பா."

"அப்ப நகரு."

அவர் புதுசின் மணிக்கட்டை விடாமல், ரம்பத்தின் பல்லை ஒட்டினாற்போல் தரதரவென்று மேசையோரமாக இழுத்துக்கொண்டே வந்து, தன் வலது கையை லீவருக்கு நீட்டினார். இரண்டு விரல் இல்லாவிட்டாலும் அந்தக் கைக்கு வலு குறையவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். மறுபடி பிடித்தாள். புறங்கையால் அவள் வாயில் அறைந்தார், உதடு பிளந்தது. அவள் விழுந்த இடத்தில் கட்டைகளுக்கு ஆப்பு அடிக்கிற கொட்டாப்புளி கிடந்தது. எழுந்தபோது அது அவள் கையில் இருந்தது. லீவர் பாதி நகர்ந்துவிட்டது. பெல்ட் முனகியது. ரம்பம் மெல்லச் சுற்றத் தொடங்கியது.

அவள் அப்பாவின் முன்கையில் அடித்தாள்.

காய்ந்த கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மேஸ்திரி மரத்தூளில் உட்கார்ந்தார். அவருடைய கை இருக்கக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. பல் தீட்டுகிறவர் லீவரைப் பின்னால் தள்ளி, மோட்டாரையும் நிறுத்தினார். புதுசு மேசையிலிருந்து சரிந்து கீழே விழுந்து, கட்டியிருந்த கையை வயிற்றுக்குள் பொத்திக்கொண்டு கிடந்தான். மூன்று விரலும் இருந்தன. நடுவிரலின் நுனியில் மட்டும் தோல் சீவிப் போயிருந்தது.

பிறகு ஒருவன் மெதுவாக, "இப்ப இவ மேஸ்திரி கையை உடைச்சிருக்கா. அப்ப இவ கையை..." என்று ஆரம்பித்தான்.

"உறவுக்காரங்கதானே தள்ளணும்?" என்றான் வானொலி. "மேஸ்திரிக்கு இவளை விட்டா யாரு இருக்கா? தன் கையைத் தானே வெச்சு, தானே தள்ளிக்கச் சொல்லு. ரெண்டு வேலை, ஒரே ஆளு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

அவள் கொட்டாப்புளியைக் கீழே போடவில்லை. "யாராச்சும் பக்கத்துல வாங்க பார்க்கலாம்" என்றாள். யாரும் வரவில்லை.

மேஸ்திரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியில் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவர் கேட்டது உடைந்த கையைப் பற்றி இல்லை.

"அப்போ என் விரலு?"

"அப்பா."

"நான் குடுத்தேனே. இது தப்புன்னா, நான் எதுக்குடி குடுத்தேன்? என்னை முட்டாள்ங்கிறியா?"

"இல்லப்பா." அவள் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். "அன்னிக்கும் எவனாவது உன் கையை இழுத்துப் போட்டிருக்கணும். இத்தனை பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்களே. ஒருத்தன் கூட வரலையேப்பா உனக்கு."

மேஸ்திரி வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷம் போடாத சத்தம் ஒன்று வந்தது. அதை நான் எழுத மாட்டேன். நீங்களும் கேட்க வேண்டாம்.

இரண்டு சிறு பலகையை வைத்து அவர் கையைக் கட்டி மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். எலும்பு முறிவுக்குத் தனி இடமெல்லாம் அங்கே கிடையாது. காலியாக இருந்த ஒரே கட்டில் மருமகனின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். மறுநாள் காலையில் அவள் ஒரு பாத்திரத்தில் கஞ்சியும் இரண்டு கரண்டியும் கொண்டு போனாள்.

"தள்ளலையாமே" என்றான் புருஷன்.

"தள்ளலை."

அவன் இடது கையால் பாத்திரத்தைத் தட்டிவிட்டான். கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. "என்கிட்டச் சரின்னு சொன்னே! யாரோ ஒருத்தன் கை உனக்கு என் கையை விடப் பெரிசாப் போச்சா?"

"அவன் கத்தினது உன் சத்தம் மாதிரியே இருந்தது" என்றாள். "நீ கத்தியிருந்தா அவன் நிறுத்தியிருப்பான். உனக்குக் கத்தக் கூட நேரம் இல்லாமப் போச்சு. அவன் கத்திட்டான். கேட்டதுக்கு அப்புறம் எப்படித் தள்ளச் சொல்றே?"

"எனக்குத் தெரியாது. எனக்கு அவன் விரல் வேணும்."

"வேணும்னா நாளைக்கும் கேளு. நாளைக்கும் இல்லைன்னுதான் சொல்வேன்."

அவள் குனிந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மாப்ளே. நான் அவனுக்குச் சொல்லலை."

"என்ன சொல்லலை?"

"துண்டு. வந்த அன்னிக்கே காட்டியிருக்கணும். காட்டலை. இது கூடத் தெரியாதவன் இருப்பானான்னு விட்டுட்டேன்." மேஸ்திரி தன் வலது கையைக் கண்ணால் காட்டினார். "உனக்குப் போனது மூணு. என் வலது கையில மிச்சம் இருக்கிறதும் மூணுதான். எலும்பு கூடினதும் எடுத்துக்கோ. இவளைத் தள்ளச் சொல்லாதே. நானே தள்ளிக்கிறேன்."

அந்தக் கொட்டகையின் வழக்கப்படி கேட்கிற உரிமை இப்போது அவள் புருஷனிடம் இருந்தது. கொடுக்க ஆள் தயாராக இருந்தது. அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். மாமனாரின் கையை, வீங்கிச் சிவந்த மூன்று விரல்களை, ரொம்ப நேரம் பார்த்தான்.

"எனக்கு வேணாம்" என்றான்.

"கோவத்துல சொல்லாதே."

"கோவத்துலதான் சொல்றேன். அதை வெச்சு நான் என்ன பண்றது? பட்டன் போட முடியுமா? வேணாம். உங்களுதும் வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, "அவனுதும் வேணாம். ஆனா அவனை நேர்ல பார்த்தா கழுத்தை நெரிச்சிருவேன், அது நிச்சயம்" என்றான்.

"நெரிக்கலாம். அதுக்கு ரெண்டு கை வேணும். முதல்ல சாப்பிடு" என்றாள் அவள்.

பாத்திரத்தின் அடியில் கஞ்சி கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டு பேருக்குக் காணாது. இருந்தாலும் ஒரு கரண்டி அங்கே, ஒரு கரண்டி இங்கே என்று ஊட்டினாள். இரண்டு பேரும் அவளைப் பார்க்காமல், வாயை மட்டும் திறந்தார்கள்.